லிப்ஜேபெக்கை யார் கேட்டது?

"எச்சரிக்கை: லிப்ஸ்கேன்.எஸ்ஓ கேட்கும் லிப்ஜேபெக்.எஸ்ஓ.62, லிப்ஜேபெக்.எஸ்ஓ.8 உடன் முரண்படலாம்."

லினக்ஸில் நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வகை வரி புதிதல்ல. லிப்ஜேபெக் என்பது ஜேபெக் படங்களைத் திறக்க உதவும் நூலகம், அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் கோப்பு; 62, 8 என்பவை அதன் பதிப்பு எண்கள். பெயரும் எண்ணும் மாறும், வாசகம் மாறாது. பிழை என்று சொல்லாமல் எச்சரிக்கை என்று மட்டும் சொல்வதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. நிரல்தான் உருவாகிவிட்டதே!

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இயங்கும் ஒரு தமிழ்ச் சங்கத்திலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் வந்ததில் தொடங்கி 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாகச் சுமார் 1,52,000 இந்தியர்கள் டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு வந்தார்கள். அவர்களுடைய வாரிசுகளின் வீடுகளில் கிடக்கும் திருமணப் படங்கள், காவடிப் படங்கள், கரும்புத் தோட்டப் படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் குறிப்பெழுதிச் சேமிப்பது சங்கத்தின் திட்டம். அதற்காக ஓர் இளைஞர் உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் சிறு நிரல் ஒன்றை எழுதியிருந்தார். ஸ்கேனர் பழையது. அதனுடன் வந்த லிப்ஸ்கேன் என்ற நூலகமும் பழையது. அதன் மூல நிரல் யாரிடமும் இல்லை.

"எச்சரிக்கைதானே அண்ணா, நிரல் ஓடுகிறதே" என்றார் அந்த இளைஞர். ஓடத்தான் செய்தது, முதல் படத்தை ஸ்கேனர் அனுப்பும் வரை. பிறகு ஒரே ஒரு வரி: "தவறான ஜேபெக் நூலகப் பதிப்பு: நூலகம் 80, அழைப்பவர் எதிர்பார்ப்பது 62." அதோடு நின்றுவிட்டது. 62-ஆம் எண் நூலகம் கணினியில் இருந்தது. 8-ஆம் எண் நூலகமும் இருந்தது. கேட்டது இரண்டும் கிடைத்தும் ஏன் இந்தச் சண்டை?

இதைப் புரிந்துகொள்ள, நூலகத்தை ஏன் பகிர்கிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஜேபெக் படத்தை விரிக்கும் வேலையை ஒவ்வொரு நிரலும் தானே எழுதிக்கொள்வதில்லை. அந்த வேலைக்கான செயற்கூறுகளை ஒரு கோப்பில் வைத்து, வேண்டிய நிரல்கள் எல்லாம் ஓடும்போது அதைப் பயன்படுத்திக்கொள்கின்றன. இதனால் வட்டில் இடம் மிச்சம், நினைவகமும் மிச்சம். என்னைக் கேட்டால் பாதுகாப்பே பெரிய லாபம். 2014-இல் இணையத் தகவலை மறையாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, பகிர்ந்த ஒரு நூலகத்தைப் புதுப்பித்து, அதைப் பயன்படுத்திய சேவைகளை மறுபடி தொடங்கியதும் அந்தக் கணினியில் ஓட்டை அடைபட்டது. நூலகத்தைத் தனக்குள்ளேயே விழுங்கிவைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருந்தது.

இந்த நாட்டில் இன்னொரு காரணமும் உண்டு: பதிவிறக்கச் செலவு. உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் தென்னாப்பிரிக்கர். அதன் முதல் பதிப்பு 2004 அக்டோபரில் வெளிவந்தது. அவர் பெயரிலான அறக்கட்டளை 'ஃப்ரீடம் டோஸ்டர்' என்ற இயந்திரங்களைப் பொது இடங்களில் நிறுத்தியது. வெற்றுக் குறுவட்டைக் கொண்டுபோனால் லினக்ஸைப் பதிந்துகொண்டு வர முடிந்தது. இணையத்தில் இறக்க வசதியில்லாதவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. அத்தகைய ஊரில், நூறு நிரல்களுக்கு ஒரே நூலகம் போதும் என்பது சின்ன விஷயமில்லை.

பகிர்ந்தால் பதிப்புத் தகராறும் கூடவே வரும். அதைச் சமாளிக்கத்தான் கோப்பின் பெயரிலேயே எண். பெயர் ஒன்றாக இருக்கும் வரை, பழைய நிரல்களை உடைக்க மாட்டேன் என்று நூலகத்தை எழுதியவர் உறுதி தருகிறார். உடைக்கும்படியான மாற்றம் வந்தால் எண்ணையும் மாற்றிவிட வேண்டும். இந்தப் பெயர் நூலகத்தின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இணைப்பு இரண்டு கட்டமாக நடக்கிறது. நிரலை உருவாக்கும்போது, இணைப்பி அந்தப் பெயரைப் படித்து, "இது எனக்குத் தேவை" என்ற பட்டியலில் எழுதிவைக்கிறது. நிரலை ஓட்டும்போது, ஏற்றி என்ற வேறொரு மென்பொருள் அந்தப் பட்டியலைப் பார்த்துக் கோப்புகளைத் தேடிக் கொண்டுவருகிறது. முதல் கட்டத்தில் கண்ட கோப்பும் இரண்டாம் கட்டத்தில் கிடைக்கும் கோப்பும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. பாதித் தொல்லைகள் இங்கேதான் பிறக்கின்றன.

சங்கத்தின் தொல்லை மற்ற பாதியைச் சேர்ந்தது. நிரல் தன் பங்குக்கு லிப்ஸ்கேனையும், உபுண்டு தரும் லிப்ஜேபெக்.எஸ்ஓ.8-ஐயும் கேட்கிறது. லிப்ஸ்கேனுக்கோ லிப்ஜேபெக்.எஸ்ஓ.62 வேண்டும். ஏற்றி முதலில் நிரல் நேரடியாகக் கேட்டவற்றை வரிசையில் வைக்கிறது, அடுத்து அவை கேட்டவற்றை. ஆகவே வரிசை இப்படி அமைகிறது: நிரல், லிப்ஸ்கேன், 8, சி நூலகம் (நிரல்களின் அடிப்படை வேலைகளுக்கான நூலகம்), கடைசியில் 62. இரண்டு ஜேபெக் நூலகங்களும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

இனி லிப்ஸ்கேன், 'ஜேபெக்_கிரியேட்டிகம்ப்ரஸ்' என்ற செயற்கூறை அழைக்கிறது. எந்த நூலகத்தில் இருக்கும் செயற்கூறு என்று அது சொல்வதில்லை. பெயரை மட்டும் சொல்கிறது. சாட்ஸ்வொர்த் கல்யாண மண்டபத்தில் யாராவது "கோவெண்டர்!" என்று, இங்கே பலருக்கும் இருக்கும் குடும்பப் பெயரால் கூப்பிட்டால் என்ன நடக்கும்? முன்வரிசையில் இருக்கிற கோவெண்டர் எழுந்து வருவார். கூப்பிட்டவர் மனத்தில் நினைத்தவர் பின்வரிசையில் உட்கார்ந்தே இருப்பார். அப்படித்தான் 62-க்காக எழுதப்பட்ட அழைப்பை 8 ஏற்றுக்கொண்டது.

ஏற்றுக்கொண்டால் என்ன, இரண்டும் ஜேபெக்தானே என்று கேட்கலாம். 62 என்பது 1998-இல் வந்த 6பி பதிப்பு. ஒரு படத்தை விரிக்கத் தேவையான விவரங்களை எல்லாம் அது ஒரே கட்டுருவில், அதாவது ஒரே தரவுக் கட்டில், புலம் புலமாக அடுத்தடுத்து வைத்திருக்கிறது: அகலம், உயரம், நிறங்களின் எண்ணிக்கை, அளவு குறைக்கும் விகிதம் என்று நீண்ட வரிசை. 2009-இல் 7, 2010-இல் 8 என்று புதிய பதிப்புகள் வந்தபோது, வரிசையின் நடுவிலேயே புதிய புலங்களைச் செருகினார்கள். உதாரணமாக, குறைந்தபட்ச அளவுக்கு ஒரே முழு எண் இருந்த இடத்தில், கிடைமட்டத்துக்கு ஒன்று, செங்குத்துக்கு ஒன்று என இரண்டு எண்கள் வந்தன. அதற்குப் பிறகு வரும் புலங்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. தொகுக்கப்பட்ட, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றப்பட்ட நிரலில் புலத்தின் பெயர் இருக்காது. தொடக்கத்திலிருந்து இத்தனையாவது பைட் என்ற எண் மட்டுமே இருக்கும். பழைய கணக்கில் ஒரு பைட்டை எழுதினால், புதிய நூலகம் அதே இடத்தில் வேறு எதையோ படிக்கும். மேலும், கட்டுருவுக்கு லிப்ஸ்கேன் ஒதுக்கிய இடம் பழைய அளவு. புதிய நூலகம் அந்த எல்லையைத் தாண்டி எழுதினால் பக்கத்தில் இருக்கும் வேறு தரவு அழியும். விளைவு அங்கேயே தெரியாது. சம்பந்தமே இல்லாத வேறொரு வரியில், வெகுநேரம் கழித்து நிரல் விழும்.

சங்கத்துக்கு அந்த அவதி நேரவில்லை. காரணம், ஜேபெக் நூலகத்தை எழுதியவர்களின் முன்யோசனை. செயற்கூறை அழைக்கும்போதே பதிப்பு எண்ணையும் கட்டுருவின் அளவையும் சேர்த்துத் தரும்படி அமைத்திருந்தார்கள். எண் பொருந்தாவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். இந்தப் பழக்கம் எல்லா நூலகங்களுக்கும் இருந்திருந்தால் எத்தனையோ பேருடைய இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

எண் மாறாமலேயே உடைவதும் உண்டு. 2010-இல் ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையின் 14-ஆம் பதிப்பு வெளியானபோது, உலாவியில் காணொளிகளை ஓட்டிய ஃப்ளாஷ் மென்பொருளில் ஒலி கரகரத்தது. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதிக்கு நகலெடுக்கும் 'மெம்காப்பி' என்ற செயற்கூறைச் சி நூலகத்தில் வேகப்படுத்தியிருந்தார்கள். சில செயலிகளில் அது பின்னாலிருந்து முன்னோக்கி நகலெடுத்தது. ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதிகளுக்கு மெம்காப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. ஃப்ளாஷ் அந்த விதியை மீறியிருந்தது; பழைய நூலகத்தில் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். விதிப்படி குற்றம் ஃப்ளாஷுடையது. ஆனால் பயனரின் நிரலை உடைத்துவிட்டு விதியைக் காட்டுவது சரியல்ல என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வாதாடினார். என் கட்சியும் அதுதான். 2011-இல் வந்த சி நூலகத்தின் 2.14 பதிப்பு இரண்டு மெம்காப்பிகளை வைத்துக்கொண்டது: பழைய நிரல்களுக்குப் பழைய முத்திரையோடு ஒன்று, புதியவற்றுக்கு 2.14 என்ற முத்திரையோடு இன்னொன்று. இதைக் குறியீட்டுப் பதிப்பு என்பார்கள். நூலகத்துக்கு மட்டும் அல்லாமல், ஒவ்வொரு செயற்கூறின் பெயருக்கும் ஒரு பதிப்பு முத்திரை. யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ நூலகம் இன்னும் நேரடியான வழியைப் பிடித்தது: செயற்கூறின் பெயரோடேயே 66, 70, 74 என்று பதிப்பு எண்ணை ஒட்டிவிடுகிறது. லிப்ஸ்கேன் போன்ற பழைய நூலகங்களில் இந்த முத்திரை எதுவும் இருக்காது. ஆகவே வரிசையில் முதலில் கிடைத்ததோடு அவை ஒட்டிக்கொள்கின்றன.

கோளாறைத் தேடும்போது, "எந்தப் பதிப்பை நிறுவுவது?" என்று தொடங்குகிறவர்கள் சுற்றிச் சுற்றி வருவார்கள். கேட்க வேண்டிய கேள்வி, "இதை யார் கேட்டது?" என்பது. 'எல்டிடி' கட்டளை நிரலுக்கு வேண்டிய எல்லா நூலகங்களையும் காட்டும். ஆனால் யார் எதைக் கேட்டார்கள் என்று பிரித்துக் காட்டாது. சில சமயம் நிரலையே ஓட்டிவிடவும் கூடும் என்பதால், நம்பகமில்லாத கோப்பின்மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. 'ரீட்எல்ஃப்' ஒவ்வொரு கோப்பின் தேவைப் பட்டியலையும் தனியாகப் படித்துச் சொல்லும். நிரலிலும் லிப்ஸ்கேனிலும் அதை ஓட்டியதுமே 62-ஐக் கேட்டது யார் என்பது வெளிச்சமாகிவிட்டது. அதற்கும் மேலே போக வேண்டுமானால், 'எல்டி_டீபக்' என்ற சூழல் மாறிக்கு 'பைண்டிங்ஸ்' என்ற மதிப்பைத் தந்து நிரலை ஓட்டலாம். ஏற்றி தான் செய்யும் ஒவ்வொரு முடிச்சையும் எழுதிக்காட்டும். ஆயிரக்கணக்கான வரிகளில் ஜேபெக்கை மட்டும் வடிகட்டினால், லிப்ஸ்கேனின் அழைப்பு லிப்ஜேபெக்.எஸ்ஓ.8-இல் போய் முடிவது கண்ணெதிரே தெரியும்.

இனி சிகிச்சை. 8-க்கு 62 என்று ஒரு குறுக்குப் பெயரை உருவாக்கி ஏமாற்றுவது இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும் அறிவுரை. கோப்பு கிடைக்கவில்லை என்ற புகார் அடங்கும். கட்டுரு பொருந்தாத சிக்கல் அப்படியே இருக்கும். உபுண்டு 22.04-இல் ஓபன்எஸ்எஸ்எல் 1.1 போய் 3.0 வந்தபோது பலர் இப்படித்தான் செய்து கையைச் சுட்டுக்கொண்டார்கள். நூலகங்களை எங்கே தேடுவது என்று ஏற்றிக்குச் சொல்லும் 'எல்டி_லைப்ரரி_பாத்' மாறியை நிரந்தரமாக அமைத்துவைப்பதும் வேண்டாத வேலை. ஒரு நிரலுக்காக வைத்த வழி எல்லா நிரல்களையும் திசைதிருப்பும். நிரலுக்குள்ளேயே தேடும் பாதையை எழுதிவைப்பது நல்ல முறை. ஆனால் 'ரன்பாத்' என்ற புதிய வகைப் பாதை, நிரல் நேரடியாகக் கேட்ட நூலகங்களுக்கு மட்டுமே செல்லும், அந்த நூலகங்கள் கேட்பவற்றுக்குச் செல்லாது. பழைய 'ஆர்பாத்' அவற்றுக்கும் செல்லும். இந்த வேறுபாடு தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் நிறைய. சங்கத்தின் கோளாறுக்கோ பாதை மருந்தே அல்ல, ஏனென்றால் அங்கே எந்தக் கோப்பும் தொலையவில்லை.

மூல நிரல் கையில் இருந்தால், லிப்ஸ்கேனை 8-ஐக் கொண்டு மறுபடி தொகுப்பதே முறையான தீர்வு. இல்லாதபோது, இரண்டையும் ஒரே செயல்முறைக்குள், அதாவது ஓடும் ஒரே நிரலுக்குள், விடக் கூடாது. சங்கத்து இளைஞர் ஸ்கேனர் வேலையை மட்டும் செய்யும் துணைநிரல் ஒன்றைத் தனியாக எழுதினார். அது லிப்ஸ்கேனையும், அதன் வழியாக 62-ஐயும் மட்டுமே ஏற்றும். விரித்த படத்தைச் சுருக்காத புள்ளிகளாக ஒரு குழாய் (ஒரு நிரலிலிருந்து இன்னொன்றுக்குத் தரவு செல்லும் வழி) வழியே முதன்மை நிரலுக்கு அனுப்பும். முதன்மை நிரல் 8-ஐக் கொண்டு அதைச் சேமிக்கும். நூலகத்தை ஓடும்போது தனிக் கதவு வழியாக ஏற்றி, முதலில் தன் சொந்தச் சார்புகளிலேயே தேடு என்று கட்டளையிடும் 'டீப்பைண்ட்' உத்தியும் இருக்கிறது. ஆனால் அது எல்லாச் சூழலிலும் ஒழுங்காக நடப்பதில்லை. குழாய் அலுப்பான வழிதான், இருந்தாலும் நம்பலாம்.

அடுத்த சிக்கல் வேறு வகை. இளைஞர் தன் உபுண்டு 24.04 மடிக்கணினியில் தொகுத்த துணைநிரல், சங்கத்தின் 20.04 கணினியில் "ஜிலிப்சி_2.34 கிடைக்கவில்லை" என்று மறுத்தது. ஜிலிப்சி என்பது லினக்ஸின் சி நூலகம். இது இரண்டு பதிப்புகளின் மோதல் அல்ல. 24.04-இல் இருக்கும் சி நூலகம் 2.39, அதில் தொகுத்த நிரல் 2.34 முத்திரையுள்ள செயற்கூறைக் கேட்கிறது, 20.04-இல் இருப்பதோ 2.31. சி நூலகத்தைப் பிடுங்கி மாற்றினால் கணினியே எழுந்திருக்காமல் போகலாம். பழையதில் தொகுத்தது புதியதில் ஓடும்; ஆனால் புதியதில் தொகுத்தது பழையதில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே துணைநிரலை 20.04 கணினியிலேயே தொகுத்தார்கள். வெளியூர்க் கணினி எதற்காவது அதைக் கொடுக்கும் முன், 'ஆப்ஜ்டம்ப்' கட்டளையால் அது கேட்கும் ஜிலிப்சி முத்திரைகளில் மிகப் பெரிய எண்ணைப் பார்த்துக்கொண்டால், எந்த உபுண்டுவரை அது பின்னோக்கிப் போகும் என்பது தெரிந்துவிடும்.