தயிர்க் கிண்ணத்தில் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

ஈரானியச் சமையலைப் பழகிவரும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "மாஸ்த்-ஓ-கியார் செய்து வைத்தேன். விருந்தாளிகள் வருவதற்குள் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கிறது. தயிர் கெட்டுவிட்டதா?"

கெடவில்லை. பாரசீக மொழியில் மாஸ்த் என்றால் தயிர், கியார் என்றால் வெள்ளரிக்காய், நடுவில் வரும் 'ஓ' நம்முடைய 'உம்'. கெட்டித் தயிரில் பொடியாக நறுக்கிய வெள்ளரி, உப்பு, மிளகு, உலர்ந்த புதினா. வீட்டுக்கு வீடு வால்நட்டும் உலர் திராட்சையும் சதகுப்பைக் கீரையும் காய்ந்த ரோஜா இதழும் சேரும். அடுப்பு வேண்டாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

தண்ணீர் இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று வெள்ளரி. அதில் சுமார் 95 சதவீதம் நீர்தான். வெளியே உப்பு கூடினால் செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே வரும். பள்ளியில் படித்த அதே சவ்வூடு பரவல். நறுக்கியதை உப்பு தூவிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டுச் சேர்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இன்னொன்று தயிரேதான். எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காத விஷயம் இது.

100 கிராம் தயிரில் ஏறக்குறைய 87 கிராம் தண்ணீர், புரதம் மூன்று நான்கு கிராம்தான். ஆனாலும் உறைந்த தயிரைச் சாய்த்தால் ஓடுவதில்லை. இத்தனை கொஞ்சம் புரதம் அத்தனை தண்ணீரை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது?

பாலில் கேசீன் என்ற புரதம் உருண்டை உருண்டையாக மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. அதன் மேற்புறமெங்கும் மெல்லிய புரத இழைகள் ரோமம்போல நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றில் எதிர்மின்னூட்டம். இரண்டு உருண்டைகள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளிவிடும். பால் பாலாகவே இருப்பது இந்தத் தள்ளலால்தான். உறை ஊற்றியதும் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. 6.7 அளவில் இருந்த பிஎச் மெல்ல இறங்குகிறது (பிஎச் குறையக் குறைய அமிலத்தன்மை கூடுகிறது என்று பொருள்). அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் அந்த மின்னூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அணைக்கின்றன. உருண்டைக்குள் கட்டுமானமாக இருந்த கால்சியம் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகிறது. பிஎச் 4.6-ஐ நெருங்கும்போது தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை. உருண்டைகள் ஒட்டத் தொடங்குகின்றன, மணி கோத்த மாதிரி சரம் சரமாக. சரங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிண்ணம் முழுவதும் ஒரே வலை. தண்ணீர் எங்கும் போகவில்லை. அந்த வலையின் நுண்ணிய கண்களுக்குள் நகர வழியில்லாமல் நிற்கிறது.

பாலை நன்றாகக் காய்ச்சினால் தயிர் கெட்டியாக உறைவதற்கும் இதில் காரணம் உண்டு. 80 டிகிரிக்கு மேல் போனால் பாலிலுள்ள வேறு சில புரதங்கள் சுருள் அவிழ்ந்து கேசீனில் ஒட்டிக்கொண்டு வலையின் முடிச்சுகளைப் பலப்படுத்துகின்றன.

சரி, இப்போது கரண்டியைப் போட்டு அடிக்கிறீர்கள். வலை அறுகிறது. அறுந்த துண்டுகள் தங்களுக்குள் இன்னும் இறுக்கமாக ஒட்டிச் சுருங்கும்போது தண்ணீர் பிழிபட்டு வெளியே வருகிறது. அதனால் பரிமாறும் நேரத்தில், அடிக்காமல், மெதுவாகப் புரட்டிக் கலந்தால் போதும். ஈரானியர்கள் இதற்குப் பெரும்பாலும் எடுப்பது மாஸ்தே செகிதே, அதாவது 'சொட்டிய தயிர்'. துணியில் கட்டித் தொங்கவிட்டு வடித்தது. கிண்ணத்தில் பிரிய வேண்டிய நீரில் பெரும்பகுதி துணி வழியே முன்பே போய்விட்டது. அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதன் பச்சை கலந்த மஞ்சள் நிறம் ரைபோஃப்ளேவின், அதாவது பி2 வைட்டமின்.

புனேயில் படித்தபோது எங்கள் விடுதியில் ஈரானின் ஷிராஸ் நகரத்துக்காரர் ஒருவர் இருந்தார். உலர் புதினாவைக் கிண்ணத்துக்கு மேலே உள்ளங்கைகளில் வைத்துக் கசக்கித்தான் தூவுவார். அறை முழுவதும் மணக்கும். இலையின் மேலிருக்கும் நுண்ணிய எண்ணெய்ப் பைகள் உடைந்து கார்வோன் என்ற வாசனைப் பொருள் வெளிப்படுவதுதான் அந்த மணம். கார்வோன் மூலக்கூறுக்குக் கண்ணாடிப் பிம்பம்போல ஓர் இரட்டை உண்டு. அதே அணுக்கள், அதே இணைப்புகள், இடவலம் மட்டும் மாற்றம். அந்த இரட்டை சதகுப்பை விதையில் இருக்கிறது, வாசனையோ வேறு! மூக்குக்கு இடது வலது தெரிகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது.

தயிரும் வெள்ளரியும் 'சர்த்', அதாவது குளிர்ச்சி. புதினாவும் வால்நட்டும் 'கர்ம்', சூடு. அதனால்தான் சேர்க்கிறோம் என்பார் அவர். நம் வீடுகளிலும் இதே பேச்சுதான். உணவுக்குள் சூடு, குளிர்ச்சி என்று அளக்கக்கூடிய குணம் ஏதும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குளிர்ச்சி என்ற பயத்தால் காய்ச்சல் வந்த குழந்தைக்குத் தயிரை மறுப்பது வருத்தமாக இருக்கிறது. ஆனால் புளித்த தயிரோடு வால்நட்டின் கொழுப்பும் துவர்ப்பும் அருமையாகச் சேர்கின்றன. சேர்ப்பதற்கு அந்தக் காரணமே போதும்.

வாசகிக்கு ஒன்று. எல்லாம் செய்தும் நீர்த்துப்போனால், இன்னும் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஐஸ் போட்டு, காய்ந்த ரொட்டியை உடைத்துப் போடுங்கள். ஈரானியர்கள் கோடை மதியத்தில் சாப்பிடும் ஆப்தூக் கியார் கிட்டத்தட்ட அதுதான். அப்புறம் மேலே கொஞ்சம் புதினா, கசக்கித் தூவி.