எக்ஸ்போர்ட் எந்த இடத்தில் நிற்கிறது?

மூன்று மணி நேரக் கல்யாண வீடியோ. எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, எக்ஸ்போர்ட் கொடுத்தால், அதாவது முழுவதையும் ஒரே கோப்பாக எழுதச் சொன்னால், பாதியில் நின்றுவிடுகிறது. உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவ வேண்டாம். நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் நின்றால் கோளாறு பெரும்பாலும் டைம்லைனில். இடம் மாறி மாறி நின்றால் கணினியில்.

நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு 2,70,000 ஃப்ரேம். ஒவ்வொன்றையும் மூலக் கோப்பிலிருந்து விரித்து, கலரும் எஃபெக்ட்டும் சேர்த்து, மறுபடி சுருக்கி எழுத வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது மென்பொருள் சில ஃப்ரேம்களைத் தாண்டிப் போகும், தரத்தையும் குறைத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட்டில் ஒன்றைக்கூட விட முடியாது. கண்ணுக்குத் தெரியாமல் போன ஒரு கெட்ட ஃப்ரேம் அங்கேதான் வழிமறிக்கிறது.

43 சதவீதத்தில் நின்றால் 1 மணி 17 நிமிடத்துக்கு அருகே தேடுங்கள். (வீடியோவை முதலில் அலசி, பிறகு எழுதும் இரண்டு பாஸ் முறையில் சில மென்பொருள்கள் முதல் 50 சதவீதத்தை முதல் பாஸுக்கே ஒதுக்கும், அப்போது இந்தக் கணக்கு மாறும்.) அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் பத்து நொடி விட்டு இன், அவுட் (தொடக்க, முடிவுக் குறிகள்) போட்டு அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எஃபெக்ட்டுகளை ஒவ்வொன்றாக அணையுங்கள். எல்லாம் அணைத்தும் நின்றால் கிளிப்பே பழுது: அதை எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவத்துக்கு மாற்றி, பழையதன் இடத்தில் வையுங்கள்.

இதில் ஏமாற்றும் கோளாறு ஒன்று உண்டு. ஃபேட்32 என்ற கோப்பு முறையில் அமைந்த பென் டிரைவுக்கு நேராக எக்ஸ்போர்ட் செய்தாலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஃபேட்32 முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 20 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் (நொடிக்கு 20 மெகாபிட்) அந்த அளவு ஏறக்குறைய 28 நிமிட வீடியோவில் நிரம்பிவிடும். ஆகவே டைம்லைனைக் கிளறுமுன் பாதியில் நின்ற கோப்பின் அளவைப் பாருங்கள். பென் டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. ஆனால் வாங்கிப்போகிறவர் வீட்டு டிவி அதைப் படிக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் மாறி நிற்பதற்கு முதல் காரணம் கிராபிக்ஸ் கார்டின் நினைவகம். 32 பிட் துல்லியத்தில் ஒரு 4கே ஃப்ரேம் மட்டும் 133 எம்பி பிடிக்கும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஃப்ரேமைப் பார்த்து இரைச்சல் நீக்கும் எஃபெக்ட்டுக்கு ஐந்து ஃப்ரேம், அதாவது 660 எம்பிக்கு மேல். அதன்மேல் கலர், டைட்டில் என்று அடுக்கினால் 4 ஜிபி கார்டு திணறும். இரைச்சல் நீக்க வேண்டிய கிளிப்புகளைத் தனியாக ரெண்டர் செய்து (எஃபெக்ட்டோடு சேர்த்துக் கோப்பாக எழுதி) வைத்துக்கொள்வதே நல்லது. அடுத்தது சூடு. கிராபிக்ஸ் கார்டு வழி என்கோடிங்கை (சுருக்கி எழுதுவதை) மென்பொருள் வழிக்கு மாற்றிப் பாருங்கள்; நேரம் கூடும், ஆனால் குற்றவாளி கார்டுதானா என்று தெரிந்துவிடும்.

99 சதவீதத்தில் நிற்பது வேறு கதை. எம்பி4 கோப்பில் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதற்குமுன் மின்சாரம் போனாலோ வட்டு நிரம்பினாலோ, 27 ஜிபி தரவு இருந்தும் பிளேயர் திறக்காது. படத்தையும் ஒலியையும் தனித்தனியே எழுதி முடிவில் இணைக்கும் மென்பொருள்களுக்கு இரட்டிப்பு இடம் வேண்டும். இந்த வீடியோவுக்கு 60 ஜிபி காலியாக வைத்திருங்கள்.

இத்தனைக்கும் பிறகு அடம்பிடித்தால் அரை மணி நேரத் துண்டுகளாக ஆறு எடுங்கள், ஒரே செட்டிங்கில், ஒலி இல்லாமல். ஒலியை மட்டும் முழு நீளத்துக்கும் சுருக்காத ஒரே வேவ் கோப்பாக எடுங்கள். வழக்கமாக எம்பி4 கோப்பில் வரும் சுருக்கிய ஏஏசி ஒலி ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் சிறு மௌனத்தைச் சேர்க்கும்; நாதஸ்வரம் ஒலிக்கும் நேரத்தில் ஒட்டு விழுந்தால் ‘டிக்’ என்று கேட்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் கொண்டு படத்தை மறுபடி சுருக்காமல் ஒட்டி ஒலியைச் சேர்த்தபின், ஐந்து ஒட்டுகளையும் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.