வெட்டிப் பார்த்தால் தெரியாது: பொல்பெத்தோனே செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அரைத்த இறைச்சியை நீளமாக உருட்டிச் சுடுகிற இத்தாலிய உணவான பொல்பெத்தோனேயின் நடுவை வெட்டிப் பார்த்து, "சிவப்பு இல்லை, வெந்துவிட்டது" என்று சொல்லிப் பரிமாறுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலேர்மோவில் குசினி வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் போகிற நம்மவர்களுக்கு உணவுச் சுகாதாரப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்கிறேன். ஆனாலும் இந்தக் கோடையிலும் அதே கதைதான். ஒரு வீட்டில் ஞாயிறு மதியம் பொல்பெத்தோனே செய்தார்கள். மிச்சம் இரவு வரை போறணைக்குள்ளேயே இருந்தது. திங்கள் மாலை அந்த வீட்டு முதிய அம்மா அதைச் சாப்பிட்டார், செவ்வாய் காலை வைத்தியசாலைக்குப் போனார். பழி முழுவதும் அங்கே வேலைக்கிருந்து சமைத்த நம் தங்கச்சியின் தலையில் விழுந்தது. வெட்டிப் பார்த்து நன்றாக வெந்திருக்கிறது என்று தலையாட்டியதும், போறணையிலேயே இருக்கட்டும் என்று சொன்னதும் அந்தக் குடும்பத்தினர்தான். அதை இப்போது அங்கே யாரும் நினைவுபடுத்தப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்: உங்கள் கையில் ஒரு வெப்பமானியும் சொல்வதற்கு ஓர் எண்ணும் இருக்க வேண்டும்.

பொல்பெத்தோனே பயப்பட வேண்டிய உணவு அல்ல. அரைத்த மாட்டிறைச்சியோ, மாடும் பன்றியும் கலந்ததோ, பாலில் ஊறிய பழைய பாண், முட்டை, துருவிய பர்மிஜானோ சீஸ், பார்ஸ்லி, கொஞ்சம் சாதிக்காய். பிசைந்து நீளமாக உருட்டிப் போறணையில் வைக்க வேண்டியதுதான். சிசிலியில் நடுவில் அவித்த முட்டை, மொர்தடெல்லா என்ற பதப்படுத்திய பன்றி இறைச்சி, கச்சொகவால்லோ சீஸ் எல்லாம் ஒளிந்திருக்கும். தெற்கில் சிலர் கீரையும் வைப்பார்கள். ஜெனோவாவுக்குப் போனால் அதே பெயரில் இறைச்சியே இல்லாத ஒன்று கிடைக்கும்: உருளைக்கிழங்கும் போஞ்சியும் மசித்து, முட்டையும் சீஸும் ஊறவைத்த உலர் காளானும் மர்ஜோராமும் சேர்த்துத் தட்டில் பரப்பி, மேலே பாண் தூள் தூவிச் சுடுவது. சிக்கனத்தில் பிறந்த, வயிறு நிறைக்கிற, குழந்தைகள் விரும்புகிற சாப்பாடு. நானும் வீட்டில் செய்கிறேன்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இருபது வருடம் சமைத்தவர்களும் என்னோடு வாதாடுவது இந்த இடத்தில்தான்.

இறைச்சியின் சிவப்பு மயோகுளோபின் என்ற நிறப்பொருளால் வருகிறது. சூடு ஏறும்போது அது பழுப்பாகிறது, உண்மைதான். ஆனால் எந்தச் சூட்டில் பழுப்பாகும் என்பது ஒவ்வொரு இறைச்சிக்கும் ஒரு மாதிரி. காற்றுப்பட்டுக் கிடந்த இறைச்சி, உறைய வைத்து எடுத்த இறைச்சி, அரைத்து நேரமான இறைச்சி ஆகியவற்றில் அந்த நிறப்பொருள் ஏற்கெனவே மாறத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்டது 60 பாகை செல்சியஸுக்கு முன்னரே முழுப் பழுப்பாகிவிடலாம். பார்க்க வெந்தது மாதிரி இருக்கும், உள்ளே கிருமிகள் உயிரோடு இருக்கும். அரைத்த இறைச்சியில் செய்யும் ஹம்பர்கர்களில் நான்கில் ஒன்று பாதுகாப்பான வெப்பத்தை அடையும் முன்பே பழுப்பாகிவிடுகிறது என்று அமெரிக்க வேளாண் துறை மக்களை எச்சரிக்கிறது. விரல் தடிமனான ஹம்பர்கருக்கே இந்த நிலை என்றால், கை மணிக்கட்டை விடப் பெருத்த பொல்பெத்தோனேயின் நடுவைக் கண்ணால் எப்படி நம்புவது?

எதிர்ப்பக்கமும் உண்டு. நன்றாக வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே நிற்கிற பொல்பெத்தோனேகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மொர்தடெல்லாவிலும் ஹாமிலும் இருக்கிற நைட்ரைட் இறைச்சியின் சிவப்பை நிலைநிறுத்திவிடும். கீரை, செலரி, வெங்காயம் போன்றவற்றிலிருந்து வரும் நைட்ரேட்டும் சில நேரம் அதையே செய்யும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் முக்கால் மணி நேரம் சுட்டு, மரக்கட்டை மாதிரி ஆக்கி, சிஞ்ஞோராவிடம், அதாவது வீட்டு எஜமானியிடம், பேச்சு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். வடிகிற சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே கதைதான். குத்திப் பார்த்த கத்தியை உதட்டில் தொட்டுச் சூடு பார்ப்பதை வேலை செய்கிற வீட்டுப் பாட்டிதான் கற்றுக்கொடுத்தார் என்று சொல்கிறார்கள். பாட்டி மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உதடு 58 பாகையையும் 72 பாகையையும் பிரித்துச் சொல்லாது.

அடுத்து, "இத்தாலியர்கள் இறைச்சியைப் பச்சையாகவே சாப்பிடுகிறார்களே?" என்ற கேள்வி. சாப்பிடுகிறார்கள். வடக்கே பியமோந்தேயில் கார்னே க்ரூதா என்ற கொத்திய பச்சை இறைச்சி இருக்கிறது, பிரா ஊரின் பச்சையாகச் சாப்பிடும் சல்சீச்சா (சொசேஜ்) இருக்கிறது. அவை அந்த மண்ணின் பெருமைக்குரிய உணவுகள். கார்னே க்ரூதாவுக்குத் தெரிந்த கசாப்புக்காரர் அன்றைக்கே முழுத்துண்டிலிருந்து கத்தியால் கொத்திக் கொடுப்பார், அதை உடனே சாப்பிடுவார்கள். அதுவும் ஆபத்தே இல்லாதது அல்ல. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதைக் கொடுக்கக்கூடாது. நீங்கள் பேரங்காடியில் தட்டோடு வாங்குகிற மாச்சினாத்தோ, அதாவது அரைத்த இறைச்சி, வேறு பொருள். முழு இறைச்சித் துண்டில் கிருமி பெரும்பாலும் வெளிப்புறத்தில் இருக்கும், ஸ்டேக்கின் இரு பக்கமும் வாட்டினால் அது அழிந்துவிடும். அரைக்கும் இயந்திரம் அந்த வெளிப்புறத்தை எடுத்து உள்ளே முழுவதும் பரப்பிவிடுகிறது. பல மாடுகளின் இறைச்சி ஒரே தட்டில் சேர்வதும் உண்டு. 1993-ல் அமெரிக்காவில் சரியாக வேகாத ஹம்பர்கர்களால் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ. கோலை O157 என்ற கிருமி. அரைத்த இறைச்சியைப் பற்றி உலகமே பேசும் விதம் அதன் பிறகு மாறியது. நம் குசினிகளில் மட்டும் ஏன் மாறவில்லை?

சிசிலியின் ஃபல்சோமாக்ரோவுக்கும் இதேதான். வெளியே முழு இறைச்சித் தகடு, உள்ளே பச்சை அரைத்த இறைச்சி. தக்காளிக் குழம்பில் எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைவிட நடுவின் சூடு என்ன என்பதுதான் முக்கியம்.

மாடும் பன்றியும் என்றால் நடுவில் 71 பாகை செல்சியஸ், கோழியோ வான்கோழியோ கலந்தால் 74. வகுப்பில் நான் எல்லாவற்றுக்கும் 75 என்றே சொல்லிக்கொடுக்கிறேன், குழப்பம் வேண்டாம் என்பதற்காக. "75 வைத்தால் காய்ந்துவிடும்" என்று பயப்படாதீர்கள். பாலில் ஊறிய பாண் எதற்காகச் சேர்க்கிறோம்? ஈரத்தைப் பிடித்து வைக்கத்தான். காய்ந்துபோகிற பொல்பெத்தோனேகளில் பெரும்பாலும் பாண் குறைந்திருக்கும், அல்லது கொழுப்பே இல்லாத இறைச்சியாக இருக்கும்.

வெப்பமானியைக் குத்தும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். மேலிருந்து குத்தினால் முனை பெரும்பாலும் அவித்த முட்டையில் போய் நிற்கும், அது காட்டும் எண் இறைச்சியின் எண் அல்ல. பக்கத்திலிருந்து, மிகத் தடித்த இடத்தில், முட்டைக்கும் சீஸுக்கும் வெளியே இருக்கிற இறைச்சியில் முனை நிற்கும்படி குத்துங்கள். இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். எல்லாவற்றிலும் குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பச்சைப் பக்கத்தில் குத்திய முனையைக் கழுவாமல் மறுபடி குத்தாதீர்கள். ஒரு கிலோவை ஒரே உருட்டாகச் செய்வதைவிட அரைக் கிலோவாக இரண்டு செய்யுங்கள். தடிமன் குறைந்தால் நடு சீக்கிரம் வேகும், பிறகு சீக்கிரம் ஆறும். உணவகங்களிலும் பெரியதாக ஒன்று செய்யாமல் சிறியதாகப் பல செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புப் பார்க்கப் பச்சைக் கலவையை வாயில் வைக்காதீர்கள். பச்சை முட்டை, பச்சைப் பன்றி, பச்சை மாடு எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு சிறு உருண்டையைத் தட்டி வாணலியில் பொரித்துச் சுவை பாருங்கள், இரண்டு நிமிட வேலை. முட்டையைக் கழுவி வைக்காதீர்கள், ஓடு நனைந்தால் கிருமி உள்ளே போவது எளிதாகிறது. பச்சை இறைச்சியையும் கழுவாதீர்கள், தெறிக்கிற நீர்தான் பக்கத்திலிருக்கும் சலாதில் விழுகிறது. மாச்சினாத்தோவைக் கடைசியாக வாங்குங்கள். அரைத்த இறைச்சியைத் தயாரிக்கும் இடங்கள் அதை 2 பாகைக்கு மேல் சூடேற விடக்கூடாது என்று ஐரோப்பிய ஒழுங்குவிதி 853/2004 சொல்கிறது. அவ்வளவு கவனமாகக் கடை வரை வந்ததை ஆடி மாத வெயிலில் பையில் போட்டு, பல்லாரோ சந்தையில் மரக்கறி பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினால் என்ன மிஞ்சும்? குளிர்ப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஆற வைப்பது. அந்த முதிய அம்மாவை வைத்தியசாலைக்கு அனுப்பியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சரியாக வெந்த இறைச்சியிலும் குளோஸ்திரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமியின் வித்துகள் பிழைத்திருக்கும். சூட்டில் சாகாதவை அவை. இறைச்சி மெதுவாக ஆறும்போது, குறிப்பாக 40 பாகையைச் சுற்றி, அவை விழித்துப் பெருகத் தொடங்கும். நல்ல சூழலில் பத்து நிமிடத்துக்கொரு முறை இரட்டிப்பாகும். அணைத்த போறணைக்குள் மூடி வைத்த பெரிய பொல்பெத்தோனேயின் நடு அந்த வெப்பத்தில் பல மணி நேரம் நிற்கும். சாப்பிட்டு 6 முதல் 24 மணி நேரத்தில் வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் வரும். இளைஞர்களுக்கு ஒரு நாளில் போய்விடும். எண்பது வயதில் நீரிழப்பு சாதாரண விஷயம் அல்ல.

"மறுநாள் நன்றாகச் சூடாக்கினேனே" என்கிறார்கள். சூடாக்கத்தான் வேண்டும், 75 பாகை வரை. ஆனால் மெதுவாக ஆறவிட்ட தவறைச் சூடு முழுவதும் திருத்தாது. ஸ்டஃபிலோகோக்கஸ், பசில்லஸ் செரியஸ் என்ற கிருமிகள் உணவில் விட்டுப்போகிற சில நச்சுகள் கொதிக்க வைத்தாலும் அழியாதவை. இதை மனதில் வைத்துக்கொண்டு ஜெனோவா வகையைப் பாருங்கள். "இறைச்சி இல்லையே, மரக்கறிதானே, மேசையிலேயே இருக்கட்டும்" என்கிறார்கள். அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் சீஸும் சேர்ந்த ஈரமான கலவை கிருமிகளுக்கு இறைச்சியை விடக் குறைந்த விருந்தல்ல. முதல் நாள் இரவு கிழங்கை அவித்து வெளியில் வைத்துவிட்டு மறுநாள் மசிப்பதும் கூடாது. அவித்த கையோடு மசியுங்கள், இல்லையென்றால் ஆற வைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கே அதை இளஞ்சூட்டில் சாப்பிடுவது வழக்கம், அதில் தவறில்லை. இளஞ்சூட்டில் மதியத்திலிருந்து இரவு வரை வைத்திருப்பதுதான் தவறு.

வெந்ததும் பத்து நிமிடம் ஓய்வு, பரிமாறல், பிறகு மிச்சத்தைத் துண்டு போட்டு அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பிவிடுங்கள். ஆவி அடங்கியதும் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகட்டும். சமைத்து முடித்து இரண்டு மணி நேரத்துக்குள், கடும் வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்குள் அது குளிரில் இருக்க வேண்டும். "சூடாக வைத்தால் பெட்டி பழுதாகிவிடும்" என்று சிஞ்ஞோரா சொல்வார். மெல்லிய துண்டுகளால் எந்தப் பெட்டியும் பழுதாகாது என்று பணிவாகச் சொல்லுங்கள். மூன்று நாளுக்குள் சாப்பிட முடியாததை அன்றே உறைய வையுங்கள்.

சாப்பிட்ட குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் ரத்தம் தெரிந்தால், முகம் வெளிறினால், சிறுநீர் குறைந்தால், வீட்டில் இருக்கும் மாத்திரைகளைத் தேடாதீர்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் அன்டிபயாட்டிக்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. ஈ. கோலையின் நச்சு சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், அதில் மணிக்கணக்கு முக்கியம். உடனே 112-ஐ அழையுங்கள், என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்று சொல்லுங்கள்.

வேலை செய்கிற வீட்டில் வெப்பமானி இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். "தெர்மோமெத்ரோ அ சோந்தா" (குத்திப் பார்க்கும் வெப்பமானி) என்று கேட்டால் வீட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், விலை ஒரு பொல்பெத்தோனேயின் இறைச்சி விலையைத் தாண்டாது. கொதிக்கிற நீரில் முனையை வைத்து 100-ஐ ஒட்டிக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கோடையில் பொல்பெத்தோனேயைக் குளிராக, மயோனெஸோடு கேட்கிற வீடுகள் நிறைய. மறுக்க வேண்டாம். முதல் நாளே 75 வரை சுட்டு, துண்டு போட்டு வேகமாக ஆற வைத்து, பெட்டியிலிருந்து எடுத்த குளிரிலேயே மேசைக்குக் கொண்டுபோங்கள், மயோனெஸையும் கடைசி நிமிடத்தில் திறங்கள். சாப்பிட்டு முடிந்ததும் மிச்சம் உடனே பெட்டிக்குத் திரும்பட்டும்.