கண்ணாடிக் குப்பியில் வளர்ந்த கள்ளி

சென்னைக் காசிமேட்டில் எங்கள் மொட்டைமாடியில், உப்புக்காற்று அரித்த தகர டப்பாவில்கூடச் சப்பாத்திக்கள்ளி செழிக்கிறது. அதன் பக்கத்திலேயே, திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டைக் குப்பியில் ஊட்டம் கொடுத்து வளர்க்கும் முறை) உருவான கள்ளிக்கன்று ஒன்றைக் குப்பியிலிருந்து எடுத்து நட்டேன். மூன்றே நாளில் சுருங்கிப்போனது. பாலைவனத்துச் செடி, கடலோர ஈரக்காற்றில், காய்ந்து செத்தது! விற்றவரைத் திட்டித் தீர்த்துவிட்டு, மிச்சமிருந்த இரண்டாவது குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செடி கண்ணாடிபோல் மறுபக்கம் தெரிய, நீர் கோத்து நின்றது. முட்கள் பூனைமயிர்போல் வளைந்தன.

குப்பிக்குள் இருப்பது அகர். நோன்புக் காலத்தில் ராயபுரத்து வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சுகிறார்களே, அதே கடல்பாசி. அதில் முராஷிகி, ஸ்கூக் என்ற விஞ்ஞானிகள் 1962இல் வகுத்த உப்புக் கலவை, லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, கொஞ்சம் ஹார்மோன். கள்ளியில் முள் முளைக்கும் குமிழ் ஒவ்வொன்றும் உண்மையில் ஓர் உறங்கும் மொட்டு. 1970களில் தாவரவியலாளர் ஜேம்ஸ் மோசத் ஓபன்ஷியா வகைக் கள்ளியின் மொட்டுகளை இப்படி வளர்த்தார். சைட்டோகைனின் என்ற ஹார்மோனைக் கொடுத்தால் மொட்டு தண்டாகக் கிளம்பியது. ஜிப்ரெல்லின் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்தால் முட்களை விட்டது. மொட்டு ஒன்றுதான், ஊட்டியதைப் பொறுத்துப் பிழைப்பு மாறியது. ஹார்மோன் அளவு வேறுமாதிரி அமைந்தால் செல்கள் தங்கள் வேலையையே விட்டுவிட்டு, உருவமற்ற கட்டியாகப் பெருகும். அதற்குக் காலஸ் என்று பெயர்.

குப்பியின் காற்றில் ஈரம் கிட்டத்தட்ட நூறு விழுக்காடு. தண்ணீரைக் காக்க வேண்டிய அவசியமே இல்லாததால், மேல்தோல் செல்கள் மெழுகுப் படலத்தை ஏனோதானோவென்று பூசுகின்றன. செல்சுவருக்கு உறுதி தரும் லிக்னினும் செல்லுலோஸும் குறைகின்றன. செல்கள் ஊதிப் பெருத்துவிட, இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் புகுகிறது. தோலிலுள்ள துளைகளோ மூடவே பழகாதவை. குப்பியோடு ஒப்பிட்டால் காசிமேட்டுக் காற்றும் வறட்சிதான்.

மூச்சுவிடும் முறையும் கலைந்துபோகிறது. கள்ளி வழக்கமாக இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, புளிப்பான மாலிக் அமிலமாகச் சேர்த்துவைக்கும்; பகலில் கதவடைத்துவிட்டு அதைச் செலவழிக்கும். ரணகள்ளியும் இதே கட்சிதான். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்த பெஞ்சமின் ஹெய்ன் அதன் இலையை மென்று பார்த்து, காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை என்று கடிதம் எழுதினார். அது 1815இல் அச்சானது. குப்பியில் சர்க்கரையும் ஈரமும் தாராளமாகக் கிடைப்பதால், சில கள்ளி வகைகள் பகலிலும் வாயுவை வாங்கத் தொடங்கிவிடுகின்றன.

இரண்டாவது கன்றில் அவசரப்படவில்லை. மூடியை நாளுக்கு நாள் கொஞ்சம் தளர்த்தி, அகரைக் கழுவி, மணலில் நட்டு, பிளாஸ்டிக் டம்ளரை மேலே கவிழ்த்து நிழலில் வைத்தேன். பழைய செல்கள் பெரிதாகத் திருந்துவதில்லை. வெளியே வந்தபின் நுனியில் பிறக்கும் புதிய செல்கள்தான் மெழுகை ஒழுங்காகப் பூசுகின்றன. இப்போது அந்தக் கள்ளியின் அடிப்பகுதி ஒரு விரற்கடை அளவு இன்னும் வழவழவென்று வெளுத்திருக்கிறது. அதற்கு மேலே கரும்பச்சை. அங்கே முள் குத்துகிறது.