தூளி ஸ்பிரிங்கின் கணக்கு

உத்தரத்துக் கொக்கியில் ஒரு ஸ்பிரிங். அதன் நுனியில் நூல் புடவையில் கட்டிய தூளி. குழந்தை வேண்டாம், சோதனைக்கு 5 கிலோ அரிசிப் பையைப் போடுங்கள். தூளி கொஞ்சம் இறங்கி நிற்கும். லேசாகக் கீழே இழுத்து விட்டு, 10 ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை செல்போனில் பாருங்கள். அப்புறம் இன்னும் சற்று அதிகமாக இழுத்து விட்டு எண்ணுங்கள். இரண்டு முறையும் ஏறக்குறைய அதே நேரம்தான் வரும்.

கூடுதல் தூரம் போய்வரக் கூடுதல் நேரம் ஆக வேண்டாமா? ஆகாது. ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்ட விதிதான் காரணம்: ஸ்பிரிங்கை இரு மடங்கு நீட்டினால், அது இரு மடங்கு விசையோடு திருப்பி இழுக்கும். தூரம் கூடிய அதே அளவில் வேகமும் கூடிவிடுவதால் நேரம் மாறுவதில்லை. விலகல் எவ்வளவோ அதற்கு நேர்விகிதத்தில் மீள்விசையும் இருக்கும் இந்த ஆட்டத்துக்குத்தான் தனிச்சீரிசை இயக்கம் என்று பெயர்.

தூளியை உற்றுப் பாருங்கள். உச்சியிலும் அடியிலும் ஒரு கணம் நின்றுதான் திரும்புகிறது. நடுவில், அது முதலில் இறங்கி நின்ற இடத்தில், நிகர விசை சுழி. ஆனாலும் அங்கேதான் வேகம் அதிகம், அதனால் நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறது. ஆட்டம் தொடர்வது இதனால்தான். காற்றும் ஸ்பிரிங்கின் உள் உராய்வும்தான் மெல்ல மெல்ல அதை அடக்குகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த கணக்கு. எடையும் தெரிய வேண்டாம், ஸ்பிரிங்கின் விறைப்பும் தெரிய வேண்டாம். சுமையால் ஸ்பிரிங் எவ்வளவு நீண்டது என்று ஸ்கேலால் அளந்தால் போதும். 25 செ.மீ. நீண்டிருந்தால் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 1 விநாடி. 36 செ.மீ. என்றால் 1.2 விநாடி. நீட்சியின் வர்க்கமூலத்தை ஒட்டியே நேரம் கூடும். குழந்தை வளர வளரத் தூளியின் தாளம் நிதானமாவது இப்படித்தான். பக்கவாட்டில் ஆட்டும் சாதாரணத் தூளியில் எடைக்கு வேலையில்லை, கயிற்றின் நீளம்தான் கணக்கு.

சரி, தாளத்தை வைத்து எடையைக் கண்டுபிடிக்க முடியுமா? 1973-இல் ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் அதைத்தான் செய்தார்கள். அங்கே தராசு வேலை செய்யாது. வீரர்கள் ஸ்பிரிங் பொருத்திய இருக்கையில் உடலை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். ஆட்டத்தின் நேரத்தை அளந்து, அவரவர் உடலின் நிறையைக் கணக்கிட்டார்கள்.