பட்டினியைத் தாங்கும் மீன், கெட்ட தண்ணீரைத் தாங்காது

கல்யாணம், கோடை விடுமுறை என்று பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, தொட்டியில் மீன் வளர்ப்பவர்களுக்கு முதலில் வரும் கவலை 'யார் தீனி போடுவார்கள்?' என்பதுதான். பக்கத்து வீட்டில் சாவியோடு தீனி டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போகிறோம். திரும்பி வந்தால் தண்ணீர் பால்போலக் கலங்கியிருக்கிறது, மீன்கள் செத்து மிதக்கின்றன. இப்படிச் சாகும் மீன்களில் பெரும்பாலானவை பசியால் சாவதில்லை, போட்ட தீனியால்தான் சாகின்றன.

நாமும் பூனையும் நாயும் சாப்பிடுவதில் பெரும்பகுதி உடம்பைச் சூடாக வைத்திருக்கவே செலவாகிறது. மீனுக்கு அந்தச் செலவே கிடையாது. தண்ணீரின் வெப்பம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அதுதான் அதன் உடல் வெப்பம். தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எடையைச் சுமந்து நிற்கும் வேலையும் இல்லை. அதனால் ஒரே எடையுள்ள எலிக்கு வேண்டிய ஆற்றலில் சிறு பங்கே மீனுக்குப் போதும். போதாதபோது கல்லீரலிலும் தசையிலும் உடலுக்குள்ளும் சேர்த்துவைத்த கொழுப்பை எடுத்துக்கொள்கிறது. நன்றாக வளர்ந்த, நோயில்லாத மீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் இருப்பதில் ஆபத்து இல்லை. தங்கமீன் போன்ற பெரிய மீன்கள் இரண்டு வாரம்கூடத் தாங்கும். குஞ்சுகள் மட்டும் விதிவிலக்கு. கப்பி, மோலி குட்டி போட்டிருந்தால் அவற்றுக்குத் தினமும் தீனி வேண்டும்.

சரி, தீனி எப்படி விஷமாகிறது? புரதத்தில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். மீன் தீனியில் புரதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிராம் தீனியில் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் தின்றால் அதில் பெரும்பங்கு செவுள் வழியே அம்மோனியாவாகத் தண்ணீரில் இறங்கும். தின்னாமல் அடியில் அழுகினாலும் அதே அம்மோனியாதான். 50 லிட்டர் தொட்டியில் அந்த ஒரு கிராம் முழுவதும் அம்மோனியாவானால், லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் நைட்ரஜன் சேரும். பழக்கமில்லாத ஒருவர் 'பாவம், பசிக்குமே' என்று தினமும் ஒரு ஸ்பூன் போட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சாதாரண நாளில் இந்த அம்மோனியாவைச் சமாளிப்பவை ஃபில்டர் பஞ்சிலும் அடிக்கற்களிலும் படிந்து வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். இரண்டு வேலையையும் ஒரே பாக்டீரியா செய்ய முடியும் என்பதை 2015இல்தான் கண்டுபிடித்தார்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு விஷம். அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட் ரத்தத்தில் கலந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் ஏந்த முடியாதபடி மாற்றிவிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அவ்வப்போது தண்ணீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகப் பெருகுபவை. திடீரென்று தீனி மூன்று மடங்கானால் அவற்றால் அன்றைக்கே மூன்று மடங்கு வேலை செய்ய முடியாது.

தண்ணீரின் காரத்தன்மையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 25 டிகிரியில் பிஹெச் (அமில, காரத்தன்மையின் அளவு) 7 உள்ள தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது 5 சதவீதத்தைத் தாண்டும். உப்புக்கறை படியும் போர் தண்ணீரில் பிஹெச் கூடுதலாக இருக்கலாம் என்பதால், அதைத் தொட்டிக்கு ஊற்றும் வீடுகளில் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

அடுத்தது வெயில். தண்ணீர் 10 டிகிரி சூடேறினால் மீனின் உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் இயங்கும், ஆக்சிஜனும் அவ்வளவு கூடுதலாக வேண்டும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. மே மாதம் மூடிக்கிடக்கும் வீட்டில் கரண்ட் போய் ஃபில்டர் நின்றால், நிறைய மீன் உள்ள தொட்டியில் சில மணி நேரத்திலேயே மூச்சுத் திணறல் தொடங்கிவிடும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் என்பதால் பிழைக்கலாம், தங்கமீனுக்கு அந்த வசதி இல்லை. கரண்ட் போனதும் பேட்டரியில் தானாக ஓடும் ஏர் பம்ப் கிடைக்கிறது. தீனி போடும் மெஷினைவிட முதலில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு கால்பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும். பயணத்துக்குச் சில வாரம் முன்பிருந்தே புது மீன் எதுவும் விட வேண்டாம். கடைசி நாளில் 'வயிறு நிறையட்டும்' என்று அள்ளிப் போடுவதும் வேண்டாம், அது கழிவாகத்தான் வெளியே வரும். ஆவியாகித் தண்ணீர் இறங்கினால் ஃபில்டர் காற்றை இழுக்கும் என்பதால் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பி மூடிவையுங்கள், தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே மீன் மூச்சுவிட இடைவெளி இருக்கட்டும். ஜன்னலில் நேர் வெயில் விழாமல் திரை போடுங்கள். விளக்கை எரியவிட்டுப் போனால் பாசிதான் மண்டும்.

கரைந்து கரைந்து தீனி விடும் கட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீன் தின்கிறதோ இல்லையோ, அது பாட்டுக்குக் கரைந்துகொண்டே இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் போவதானால் ஆள் வேண்டும். ஒரு வேளைக்கான தீனியைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, எந்தத் தேதிக்கு எது என்று எழுதிக் கொடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு பொட்டலம் போதும். டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிடுங்கள். பொறுப்பேற்பவரிடம் தீனியைப் பற்றிச் சொல்வதைவிட இதைச் சொல்லுங்கள்: ஏர் பம்ப் ஓடுகிறதா, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றனவா, ஏதாவது செத்துக் கிடக்கிறதா. செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். அழுகும் ஒரு மீன் போதும், மற்றவற்றையும் கொண்டுபோக.

திரும்பி வந்த அன்று மீன்கள் கண்ணாடியோரம் வந்து முட்டும். கொஞ்சமாகப் போடுங்கள். பட்டினி நாட்களில் அம்மோனியா குறைந்திருந்ததால் பாக்டீரியாக்களின் வேலையும் தளர்ந்திருக்கும், அவை பழைய நிலைக்கு வர நாலைந்து நாள் விட்டுத் தீனியைக் கூட்டுங்கள்.