ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர்

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளி கல்லூரிகளை மூன்று நாள் மூடியது ஞாபகம் இருக்கும். அதற்கு அப்புறம், ஊரில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்றாலே "டாக்டர், இது காலராவா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் கிருமிக்குப் பயப்படுகிற அளவுக்கு, உடம்பிலிருந்து போகிற தண்ணீருக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆளைச் சாய்ப்பது அதுதான். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி, பெரிதாக வயிற்றுவலிகூட இல்லாமல், கடுமையான காலராவில் ஒரு பெரியவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும். காலையில் நடந்துபோனவர் சாயந்திரம் கண் குழிந்து கிடப்பார். போன தண்ணீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதுதான் ஓ.ஆர்.எஸ்., அதாவது உப்பு-சர்க்கரைக் கரைசல்.

ஒரு நாள் ஒரு பாட்டி இரண்டு வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஓ.ஆர்.எஸ். குடுத்தேன் சார், வாயில வச்சாலே துப்புறான்." எப்படிக் கலந்தீங்கம்மா என்று கேட்டால், பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினார். ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதும் அந்த ஒரு டம்ளரில். "கெட்டியா இருந்தா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சேன்." அவரைக் குறை சொல்ல முடியாது, கஷாயத்தை அப்படித்தானே காய்ச்சுகிறோம். ஆனால் ஓ.ஆர்.எஸ். கெட்டியானால் குடல் உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும், பேதி கூடும், ரத்தத்தில் உப்பும் ஏறும். நர்ஸ் ஒரு லிட்டர் பாட்டிலில் புதிதாகக் கலந்து, ஒரு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று ஊட்டினார். கொஞ்ச நேரத்தில் பையன் பாட்டிலையே பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டான்.

ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். 200 மி.லி. பாக்கெட்டும் வருகிறது, ஒரு லிட்டர் பாக்கெட்டும் வருகிறது. பாக்கெட்டே இல்லையா, காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் பேதியை நிறுத்துகிற மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற இனிப்பு டெட்ரா பேக் பானங்கள் வேறு. அந்தப் பெயரை நீக்கச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டதே 2025 அக்டோபரில்தான்.

"இதெல்லாம் போதுமா, ட்ரிப்ஸ் போடுங்க" என்பவர்களுக்கு நான் சொல்வது 1971 கதை. வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் ட்ரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனதும், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. ட்ரிப்ஸ் தேவைப்படுகிறவர்களும் உண்டு: சிறுநீர் நின்றவர், கண் குழிந்தவர், தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே இறங்காதவர், குடிக்கவே முடியாமல் துவண்டு கிடப்பவர். அவர்களை உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும், வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே.

சரி, இந்தக் கிருமி வீட்டுக்குள் எப்படி வருகிறது? பெரும்பாலும் குழாய் வழியாகத்தான். நம் ஊர்களில் தண்ணீர் சில மணி நேரம்தான் விடுகிறார்கள். மற்ற நேரம் குழாய் காலி. சாக்கடை ஓரம் போகிற குழாயில் ஒரு விரிசல் இருந்தாலே கழிவுநீர் உள்ளே வரும். இதில் குழாயோடு நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் வேறு! அந்த இழுப்பில் சாக்கடையும் சேர்ந்து வரும், பக்கத்து வீட்டுக்கும் போகும். தெருவில் நோய் இருக்கும்போது தண்ணீரைக் கொதி வந்த பிறகும் ஒரு நிமிஷம் கொதிக்க விடுங்கள். குளோரின் மாத்திரை கொடுத்தால் அட்டையில் போட்ட அளவுப்படி குடத்தில் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கழிப்பறை போய் வந்ததும், குழந்தைக்குக் கழுவிவிட்டதும், சோப்பு.

"நாங்க கேன் தண்ணிதான் குடிக்கிறோம்" என்று நிறையப் பேர் நிம்மதியாகச் சொல்வார்கள். பல் தேய்ப்பது எதில், சட்னி அரைக்கிறது எதில் என்று கேட்டால் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.